பச்சைத் துணியில் ஒரு முடிச்சு

என் மேசை இழுப்பறையில் மூடி இறுக்கிய பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்று இருக்கிறது. அதற்குள் விரல் அகலத்தில் கிழித்த ஒரு பச்சைத் துணித் துண்டு. ரவிக்கைத் துணிதான், ஓரமெல்லாம் நூல் பிரிந்து கிடக்கும். நடுவில் ஒரு முடிச்சு. துணி என் மதினியுடையது. முடிச்சு நான் போட்டது. எப்போதாவது பாட்டிலைத் திறந்து பார்ப்பேன். மூடி வைத்ததும் நேராகப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தத் துணியில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது என்று மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பிழைப்புக்கு நான் பார்த்ததே அந்த வேலைதான். தெரிந்தும் கழுவுகிறேன். என் மனைவி கேலி செய்து ஓய்ந்துவிட்டாள்.

கொச்சி மட்டாஞ்சேரியில், யூதத் தெரு என்கிற ஜூ டவுனின் பழம்பொருள் கடைகளுக்குப் பின்னால், மிளகுக் கிடங்குகளின் முதுகுப்புறமாக ஓடும் ஒரு சந்தில்தான் மதினி இருந்தார். பத்துப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள். பாதிப் பேர் எங்களைப் போல, தென்காசிப் பக்கமிருந்து மாநகராட்சித் துப்புரவு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். மீதிப் பேர் தமிழ் பேசும் முஸ்லிம்கள், சின்னச் சின்ன வியாபாரம். என் அண்ணன் மாநகராட்சி வேலையில் இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மதினி சுக்குக் கிடங்கில் சுக்கைத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். காலையிலும் மாலையிலும் கோழி. மகளை நர்சிங் படிக்க அனுப்பியதில் கிடங்குக்கு எவ்வளவு பங்கோ, கோழிகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

சந்தில் எல்லார் வீட்டுக் கோழிகளும் ஒன்றாகத்தான் மேயும். யார் கோழி எது என்று தெரிய, காலில் துணி கட்டுவார்கள். மதினிக்குப் பச்சை. எதிர்வீட்டில் கடை வைத்திருந்த இத்தாவுக்குச் சிவப்பு. முஸ்லிம் அக்காவை அங்கே இத்தா என்றுதான் கூப்பிடுவோம். கோடி வீட்டுக்கு மஞ்சள். மற்றவர்கள் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். மதினி மட்டும் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிவிடுவார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கோழியாகப் பிடித்து மடியில் வைத்துத் தளர்த்திக் கட்டுவார். "கோழிக்குக் கால் பருக்குமில்ல தம்பி. முடிச்சுப் போட்டா சதையில எறங்கிரும்" என்பார். இதைப் பெரிய விஷயமாக நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடையில் சந்துக்குள் கோழிவசந்தா வந்தது. வெள்ளைக் கழிச்சலைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள், பலரும் வெறும் வசந்தா என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். காலையில் இரை பொறுக்கிய கோழி மாலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு மூச்சுக்கு வாயைத் திறக்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். மறுநாள் விறைத்துக் கிடக்கும். ஒரே வாரத்தில் சந்து காலியாயிற்று. நின்றது மதினியின் ஒரு கருப்புப் பெட்டை மட்டும். அதற்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. கிடங்கு வாசலில் சிந்திய மிளகைத் தின்று தின்று அதன் ரத்தம் காரமாகிவிட்டது என்றார் இத்தா. பள்ளிவாசல் பக்கம் தண்ணீர் குடித்ததால் என்றார் இன்னொருவர். மதினியைக் கேட்டால், "அந்த மூதேவிக்குச் சாகத் தெரியல, அவ்வளவுதான்" என்று சிரிப்பார். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கருப்பியைத் தாண்டி அவருக்கு வேறு உலகம் கிடையாது.

கருப்பியின் குஞ்சுகளை மதினி சந்து முழுக்க வாரத்துக்கு விட்டார். ஊரில் ஆட்டையும் கோழியையும் வாரத்துக்கு விடுவதுபோல, குஞ்சை வளர்ப்பது ஒரு வீடு, அது பொரிக்கிற குஞ்சில் பாதி, கொடுத்த வீட்டுக்கு. நாலைந்து வருஷத்தில் சிவப்புத் துணியோ மஞ்சள் துணியோ, தோண்டிப் பார்த்தால் பல கோழிகள் கருப்பியின் பேரன் பேத்திகளாக இருந்தன. சந்தின் பெரிய சேவல் கருப்பிக்குக் கடைசியாகப் பிறந்த மகன். கருத்த உடம்பு, கழுத்தில் மட்டும் தீப்பிடித்த மாதிரி செம்பொன் இறகு. மாலையானால் கிடங்கின் ஓட்டில் ஏறி நின்று ஒருமுறை கூவிவிட்டுத்தான் கூட்டுக்குள் போகும். அதன் வலது காலில் பச்சைத் துணி.

இவ்வளவு இருந்தும் மதினிக்குப் பயம் போகவில்லை. மாசி பிறந்ததுமே ஆரம்பித்துவிடும். இருட்டும் நேரத்தில் கூட்டின் பலகையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார், எந்தக் கோழிக்காவது மூச்சு இழுக்கிறதா என்று. பக்கத்தில் நின்று நானும் கேட்பேன். எங்கள் குடும்பத்தில் பயத்துக்கு, மட்டாஞ்சேரிப் பேச்சில் பேடிக்கு, பஞ்சமே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். "நம்ம ரெண்டு பேரும் ஒரு வயித்துல பொறந்திருக்கணும் தம்பி" என்பார் மதினி.

நான் காக்கநாட்டுக்கு அப்பால் இருந்த ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தேன். குழாய் கழுவுவது, ரத்தம் எடுப்பது, மரபணுவைப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லை ஊற்றுவது, ஆய்வுக் கொட்டகையில் கோழிகளைப் பார்த்துக்கொள்வது. மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து படகு, பிறகு பஸ். என் மேலதிகாரி ஒரு டாக்டரம்மா, மலையாளி. பேச்சு குறைவு, கண்டிப்பு அதிகம். நாட்டுக்கோழிகளில் சில ஏன் வைரஸுக்கு எளிதில் மடங்குவதில்லை என்பதுதான் அவர் பிடித்துக்கொண்டிருந்த கேள்வி. உடம்புக்குள் வைரஸைப் பெருகவிடாமல் தடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதை உண்டாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் புரதம் வேலை செய்யும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். பண்ணைக் கோழிகளில் பலவற்றுக்கு அந்த நல்ல எழுத்து தொலைந்துவிட்டது, நாட்டுக்கோழிகளில் அங்கங்கே இன்னும் இருக்கிறது என்பது அவருடைய சந்தேகம். சந்தேகம் என்றுதான் அவர் எப்போதும் சொல்வார். ஒருநாள் சாயா குடிக்கும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கருப்பியின் கதையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த வாரமே ஐஸ் பெட்டியோடு சந்துக்கு வந்தோம். இறக்கைக்கு அடியில் ஓடும் நரம்பில் ஊசி போட்டு ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "கோழிக்கு ஜாதகம் பாக்க வந்திருக்காங்களா?" என்று இத்தா கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். இறக்கையில் எண் பொறித்த தகட்டைக் குத்தலாம் என்றார் டாக்டரம்மா. மதினி ஒத்துக்கொள்ளவில்லை. துணியின் நிறத்தையும் கோழியின் அடையாளத்தையும் எழுதிக்கொண்டோம். அந்த ஜாதகம் ஜெல்லில் கோடுகளாக வந்தபோது டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கருப்பியின் வழியில் வந்தவற்றில் பலவற்றுக்கு நல்ல எழுத்து இருந்தது. பச்சைத் துணிச் சேவலுக்குத் தாய்வழி, தகப்பன்வழி இரண்டு பக்கமும் இருந்தது.

எழுத்து இருப்பது வேறு, அது உயிரைக் காப்பாற்றுவது வேறு. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு. எழுத்து உள்ள கோழிகளையும் இல்லாத கோழிகளையும் கொட்டகையில் அடைத்து, இரண்டுக்கும் வைரஸைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். போன வசந்தாவுக்குப் பிறகு பொரித்தவையாக, ரத்தத்தில் பழைய எதிர்ப்பு இல்லாதவையாகச் சிலவற்றைச் சந்திலிருந்து பொறுக்கினார் டாக்டரம்மா. பச்சைத் துணிச் சேவல்தான் முதலில் வேண்டும் என்றார். "விலை கொடுத்து வாங்கு. திரும்பி வராது என்று தெளிவாகச் சொல்லிவிடு" என்று என்னிடம் சொன்னார். இரண்டு முறை சொன்னார். இதை நான் இங்கே மறைக்கக் கூடாது.

மற்ற வீட்டுக் கோழிகளை விலைக்கே வாங்கினேன். மதினியிடம் மட்டும் நான் சொல்லவில்லை. திரும்பாது என்றால் மதினி சேவலைத் தரமாட்டார். சேவல் இல்லை என்றால் டாக்டரம்மாவின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்துக் கணக்கில் வாங்கியதாக எழுதி, விலையை நானே போட்டு, அந்தப் பணத்தை மகளின் படிப்புக்கு என்று சொல்லி மதினியிடம் கொடுத்துவிட்டேன். கொட்டகையில் என்ன செய்வார்கள் என்று மதினி கேட்டார். "பாத்துக்கிட்டே இருப்போம் மதினி. ரெண்டு வாரம்."

"திரும்பி வருமில்ல?"

"வரும்."

"உங்களை நம்பித்தான் தாரேன், தம்பி. பின்னே ஒண்ணும் இல்ல" என்று சேவலை என் கையில் வைத்தார். அதன் நெஞ்சுத் துடிப்பு என் உள்ளங்கையில் தெரிந்தது.

அந்த இரண்டு வாரம் நான் சாப்பிட்ட சோறு எங்கே போயிற்று என்று தெரியாது. வைரஸ் கொடுத்த மூன்றாம் நாளே எழுத்து இல்லாத கோழிகள் இறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. வைரஸ் எங்கள் கையில் இருந்தது, கணக்காகக் கொடுத்தோம், விழும் என்றும் தெரியும். இருந்தும் ஒவ்வொன்று விழும்போதும் பச்சைத் துணி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். எதிர்க் கூண்டில், எழுத்து இருந்தவற்றில் ஒன்று இறந்தது. மற்றவை நின்றன. ஐந்தாம் நாள் பச்சைத் துணிச் சேவல் கண்ணை மூடி மூலையில் உட்கார்ந்தது. அன்றைக்கு மட்டும் எத்தனை முறை கண்ணாடி வழியாகப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மறுநாள் காலை கொட்டகைக் கதவைத் திறக்கும்போது உள்ளிருந்து அது கூவியது. நான் வெளியே ஓடி, பூத்திலிருந்து இத்தாவின் கடைக்குப் போன் செய்து மதினியைக் கூப்பிடச் சொன்னேன். சேவல் நன்றாக இருக்கிறது, கூவுகிறது என்றேன். அந்தப் பக்கம் மதினி யாரிடமோ, "கேட்டியா, கூவுதாம்!" என்று சொல்வது கேட்டது. போனை வைத்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது.

பிழைத்த கோழிக்கு நோய் தெரியாதே தவிர, எச்சத்தில் வைரஸ் போய்க்கொண்டே இருக்கலாம். ஆகவே சோதனை முடிந்ததும் பிழைத்ததையும் கொன்று எரிப்பதுதான் விதி. "ஒரு தூவல் போலும் புறத்து போகருது" என்றார் டாக்டரம்மா. ஓர் இறகுகூட வெளியே போகக் கூடாது. அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை, எனக்கு முதல் நாளே தெரியும். சேவலைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்விடலாமா என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன். அப்படிச் செய்தால் வசந்தாவை நானே சந்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். அதைச் செய்யாமல் இருக்க எனக்குப் புத்தி இருந்தது. அதோடு நின்றிருக்கலாம்.

கடைசி நாள் சேவலைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. முடிந்த பிறகு காலிலிருந்த துணியை இழுத்தேன். மதினியின் செருகல், ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. அதைக் கிருமிநாசினித் தொட்டியில் போட்டேன். அரை மணி நேரம் கிடக்க வேண்டும். எரிக்கும் அடுப்பைப் பார்க்கக் கூப்பிட்டார்கள், போனேன், வந்தேன், துணியை எடுத்துப் பிழிந்தேன், குளித்து உடை மாற்றும்போது சோப்பு டப்பாவுக்குள் ஒளித்து வெளியே கொண்டுவந்தேன். இடையில் எவ்வளவு நேரம் ஆயிற்று? பத்து நிமிஷமா? அரை மணியா? மாலைப் படகைப் பிடிக்கும் அவசரத்தில் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கலூர்ச் சந்தையில் முந்தின நாளே ஒரு சேவலைப் பார்த்து வைத்திருந்தேன். கருப்பு, கழுத்தில் செம்பொன். கொஞ்சம் இளைத்திருந்தது. அதை வாங்கி, பஸ் நிலையத்தின் பின்புறம் உட்கார்ந்து வலது காலில் பச்சைத் துணியைச் சுற்றினேன். நுனியைச் செருகினால் நிற்கவில்லை. ஈரத்துணி, சேவல் வேறு காலை உதறியது. நாலு தடவை முயன்று பார்த்துவிட்டு, செருப்பு வாரைக் கட்டுவதுபோல ஒரு முடிச்சுப் போட்டேன்.

சந்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் வந்துவிட்டார்கள். மதினி சேவலை வாங்கி மார்போடு அணைத்தார். காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் உடனே பேச ஆரம்பித்தேன். கூண்டில் கிடந்து இளைத்துவிட்டது, மருந்து வாடையால் மற்றக் கோழிகள் கொத்தும், கொஞ்ச நாள் ஓட்டில் ஏறாது. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். "எடம் மாறினா அப்படித்தான்" என்றார் மதினி. சேவலைக் கீழே விட்டார். அதற்குக் கூடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, நடுச்சந்தில் நின்றது. மதினி அதைப் பார்த்துக்கொண்டே, "சாயா குடிச்சிட்டுப் போங்க தம்பி. மொகமே ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

பத்தாவது நாள் அந்தச் சேவல் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அடுத்து மஞ்சள் துணிக் கோழிகள். அடுத்து இத்தாவின் சிவப்புத் துணிகள். நான் வேலைக்குப் போகாமல் சந்திலேயே கிடந்தேன். செத்ததைக் கையால் தொடாதீர்கள், ஆழமாகக் குழி வெட்டுங்கள், சுண்ணாம்பு போடுங்கள், கட்டின துணியைக் கொதிக்க வையுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். "ஆய்வுக்கூடத்துத் தம்பி இருந்ததால தப்பிச்சோம்" என்று இத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அன்று மாலை அவருடைய கடைசிக் கோழியும் போயிற்று.

எல்லாம் ஓய்ந்தபோது, இத்தா வீட்டைத் தவிர மற்ற வீடுகளில் ஒன்று, இரண்டு என்று கோழிகள் நின்றன. எந்த நிறத் துணியானாலும் பெரும்பாலும் கருப்பியின் வழி. டாக்டரம்மாவின் பட்டியல் எனக்கு மனப்பாடம். நல்ல எழுத்து உள்ளவற்றில் ஒன்று இறந்திருந்தது. பட்டியலில் இல்லாத ஒன்று பிழைத்திருந்தது. மற்றபடி அந்த ஜெல் சொன்னது அப்படியே சந்தில் நடந்திருந்தது. அதைப்போன்ற ஒரு சோதனையை எந்தக் கொட்டகையிலும் யாரும் செய்ய முடியாது, அனுமதியும் தரமாட்டார்கள். டாக்டரம்மாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துணியால் வந்ததா, கலூர்ச் சேவல் உள்ளே வைத்துக்கொண்டு வந்ததா, இல்லை கோடையானால் எங்காவது வருவதுபோல் தானாகவே வந்ததா? மூன்றும் இருக்கலாம் என்பது ஆய்வுக்கூடத்துப் பதில். எனக்கு அது போதவில்லை. பத்து நிமிஷமா, அரை மணியா என்று இன்றைக்கும் தூக்கத்தில் கணக்குப் போடுகிறேன்.

சில நாள் கழித்து மதினி என்னை வரச் சொன்னார். கருப்பியின் பேத்தி ஒன்று முட்டையில் உட்கார்ந்திருந்தது, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாயா கொடுத்தார். நான் குடித்து முடித்தேன். பிறகு முந்தானையிலிருந்து பச்சைத் துணியை எடுத்து என் முன்னால் வைத்தார். செத்த சேவலின் காலிலிருந்து முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே உருவியிருந்தார்.

"நம்ம சேவலு எப்பச் செத்துச்சு தம்பி?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அது நோயில் சாகவில்லை என்றேன். கடைசிவரை நன்றாக இருந்தது, கூவியது, விதிப்படி நாங்கள்தான் என்று இழுத்தேன்.

"அவ்வளவு தீனத்தையும் தாண்டி நின்னுச்சு. நின்னதுக்கா கொன்னீங்க?"

நான் குனிந்து துணியிலிருந்த முடிச்சைப் பார்த்தேன்.

"அன்னைக்கே தெரியுமா மதினி?"

"என் கையால கட்டினது எனக்குத் தெரியாதா? நான் என்னைக்கு முடிச்சுப் போட்டேன்?" அழுதுகொண்டே சொன்னார், ஆனால் குரல் உயரவில்லை. "நீங்க நின்ன நெலையப் பாத்தேன். கொண்டு வந்து விட்டாத்தான் வீட்டுக்குள்ள நொழைய முடியும்னு நின்னீங்க. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். ஒரு வார்த்தை அன்னைக்கே சொல்லி, அதைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லியிருக்கணும். என் தப்பும் உண்டு."

அந்தப் பங்கை அவர் எடுத்துக்கொண்டதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. துணியைப் பற்றி, தொட்டியைப் பற்றி, கடிகாரத்தைப் பற்றி அப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் துணியை என் பக்கம் நகர்த்தினார். நான் கையை நீட்டவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"நல்லாக் கொதிக்க வச்சிட்டேன். பேடிக்காம எடுத்துக்கங்க."

மதினி இப்போது மகளோடு காக்கநாட்டில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். நான் வேலை பார்த்த இடத்துக்குப் போகும் அதே சாலையில்தான் அந்தக் கட்டடம். பால்கனியில் துளசிச்செடி இருக்கிறது, கோழி இல்லை. போனால் சாயா கொடுக்கிறார், அந்தக் கோடையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்து சில நாள் பாட்டிலைத் திறந்து முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறேன். துணியைச் சுற்றி, நுனியைச் செருகும் அவருடைய கட்டுமுறையை ஒருமுறையாவது சரியாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கொதித்ததில் முடிச்சு இறுகிவிட்டது. நகம் ஏறவில்லை.